தனசிங் கொண்டுபோன பாட்டில்

வெட்கப்பட்டு அந்தப் பாட்டிலைப் பையில் போடாமல் பேண்ட் பாக்கெட்டில் வைத்ததுதான் தனசிங் செய்த முதல் தப்பு. செம்பாக்கம் ஏரிக்கரைப் பள்ளத்தில் சைக்கிள் ஒரு குதி குதித்தது. கார்க் கழன்றது. ஆறு மாத கர்ப்பிணியான மனைவி கிருபா சர்க்கரைப் பரிசோதனைக்குக் கொடுத்தனுப்பிய சிறுநீர் மொத்தமும் அவன் முழங்காலுக்கு இறங்கியது.

திரும்பிப் போனால் கிருபா ஒரு வாரம் சிரிப்பாள். தாம்பரம் ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் நுழைந்து, பாட்டிலைத் தானே நிரப்பிக் கொடுத்துவிட்டான்.

'சர்க்கரை இல்லை' என்று சீட்டு வந்தது.

எட்டாம் மாதம் டாக்டரம்மா கிருபாவின் வயிற்றை அளந்துவிட்டு அவனைப் பார்த்தார். "குழந்தை ரொம்பப் பெரிசு. பிரசவத்துல தோள் மாட்டிக்கலாம், தாய்க்கும் ஆபத்து. சர்க்கரை இருந்தா இப்படி ஆகும். உங்க சீட்டுல இல்லைன்னுதானே இருக்கு, மிஸ்டர் தனசிங்?"

"ஆ... ஆமா டாக்டர்."

அன்றே சர்க்கரை டப்பாவைப் பரணில் ஏற்றினான். அல்வாவுக்காகச் சண்டை போடுகிறவள், கேழ்வரகுக் களியை முணுமுணுக்காமல் தின்றாள். அவனுக்குச் சந்தேகம் தட்டியது. திருட்டுத்தனமாகத் தின்கிறாளோ?

கட்டிலுக்கடியில் குனிந்து தேடினான். ஸ்பிரிட் வாசனையோடு ஒரு பஞ்சு கிடைத்தது.

"என்ன இது?"

"காது வலிங்க."

எந்தக் காது என்று கேட்டதற்கு அவள் காட்டவில்லை. அவனுக்குத் தூக்கம் போயிற்று.

"கிருபா, இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிடலாமே?"

"எதுக்கு? முதல் டெஸ்ட்தான் பிரமாதமா வந்திருக்கே" என்றாள், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

ஒன்பதாம் மாதம் ஒரு காலை, அவளை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் தனசிங் அழுதான். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா நாகலக்ஷ்மி நிமிர்ந்தாள்.

"இன்னா சார் அழுவுறே?"

"டெஸ்டுக்குக் கொடுத்த பாட்டில்ல இருந்தது என்னுது ஆயா, அவளுது இல்லை. நான் பேசாம இருந்தே அவளைக் கொன்னுட்டேன்."

"அட, இப்பத்தான் சொல்றியா? அன்னிக்கு உன் பேண்டைத் தொவச்சது யாரு? உன் வூட்டம்மாதானே? மறுநாளே வேற பாட்டிலோட இங்க வந்து நின்னுச்சு அம்மா. சக்கரை எக்கச்சக்கம். நீ ஆபீஸ் போனதும் நர்ஸம்மா வூட்டாண்ட வந்து தெனம் ஊசி போட்டுச்சு. இந்த ஆபரேசனுக்குப் போன மாசமே தேதி வச்சாச்சு."

உள்ளே குழந்தை வீறிட்டது. நர்ஸ் ஹில்டா எட்டிப் பார்த்து, "பத்தரை பவுண்டு, பையன். ரெண்டு பேரும் சௌக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தனசிங் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எங்கிட்ட ஏன் ஆயா ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீயா எப்ப சொல்லுவேன்னு அம்மா பாத்துகினு இருந்துச்சு சார். மூணு மாசமா இந்த ஆஸ்பத்திரியே பாத்துகினு கீது."