தின்னர் வாசத்துக்குப் போட்ட தென்னை உரம்

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே வேலை. நல்லா மக்கின உரம் வாங்கணும்.

நான் கஞ்சிக்கோட்டுல ஒரு பெயிண்ட் கம்பெனியில வேலை செய்யறேனுங்க. பெயிண்ட் கலக்கற ரூம்ல வர்ற தின்னர் வாசத்தை அப்படியே வெளிய விடக்கூடாது. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய தொட்டி. உள்ள தேங்காய் நாரு, மக்கின உரம். ஃபேன் அந்தக் காத்தை அது வழியாத் தள்ளும், உரத்துல இருக்கற நுண்ணுயிரி தின்னரைத் தின்னுடும். பேரு பயோஃபில்டர்.

உரம் பழசாகி இறுகிப்போச்சு. கம்பெனிக்குப் பக்கத்து ஊட்டு சரசக்கா, வாசம் தாங்கலைன்னு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுல பராதி குடுத்துட்டாங்க. ஆபீசர் வர்றதுக்குள்ள சரிபண்ணலைன்னா கம்பெனிக்குப் பூட்டு.

"நீ விவசாயக் குடும்பந்தானே, உரம் நீயே பாரு" ன்னார் மேனேஜர்.

அந்தப் பெருமையில, எருத்தேன்பதியில விவசாயம் பண்ற மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, சத்தான உரம் வேணுமுங்க."

"எந்தப் பயிருக்கு அம்மிணி?"

பயோஃபில்டரை விளக்கச் சோம்பல். "தென்னைக்குங்க" ன்னுட்டேன்.

டெம்போவுல வந்து இறங்குச்சு. திரும்பவும் போன் போட்டேன்.

"மாமா, வாசம் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்களே?"

"பச்சைக் கோழி எரு கலந்திருக்கேன். அதெல்லாம் சத்து அம்மிணி."

நேரமில்லை. அதையே தொட்டியில நிரப்பி ஃபேனைப் போட்டோம்.

முதல்ல கேன்டீன் காலியாச்சு. அப்புறம் சரசக்கா முந்தானையால மூக்கைப் பொத்திட்டு வந்தாங்க.

"ஏனுங்க அம்மிணி, முந்தி தலைநோவு மட்டுந்தான். இப்ப ஊட்டுல ஒருத்தரும் சோறு உங்கறதில்லை."

"அக்கா, இது இயற்கை வாசமுங்க."

"எதோட இயற்கை?"



அந்த நேரம் பார்த்து ஆபீசர் வந்தார். கர்ச்சீப்பைக் கட்டிட்டு, தொட்டி மேல மீட்டரைப் பிடிச்சார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தின்னர் எல்லைக்குள்ளதான் இருக்கு. பாஸ்."

மேனேஜர் மூச்சு விட்டார். விட்டுட்டு, இழுக்க யோசிச்சார்.

ஆபீசர் ஜீப்புல ஏறி, கண்ணாடியைப் பாதி ஏத்திட்டுக் கேட்டார்: "கோழிப் பண்ணைக்கு லைசன்ஸ் இருக்கா?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் போய் ஃபேனை நிறுத்தினேன்.

சாயந்திரம் வரைக்கும் அவ்வளவையும் அள்ளி வெளிய போட்டோம். மேனேஜர், நான் கேக்காமலே அடுத்த நாள் லீவு குடுத்தார்.

எலப்புள்ளியில இருக்கற ஊட்டுக்கு பஸ்ஸுல போகாதே, நடந்தே போன்னு மட்டும் சொன்னார்.