திருப்புளி அண்ணனும் என் ஆரஞ்சுப் பெட்டியும்

அருமனையில் தொடங்கி முட்டம் வரைக்கும், மூடி போட்ட எந்தப் பொருளும் திருப்புளி அண்ணனின் கண்ணில் பட்ட பிறகு மூடியே இருந்ததாகச் சரித்திரம் இல்லை. முட்டத்துக் கலங்கரை விளக்கம் மட்டும் தப்பியது. அதுவும் உயரத்தினால்தான்.

திருப்புளி என்றால் எங்கள் பக்கம் ஸ்க்ரூ டிரைவர். அண்ணனுக்கு ஞானஸ்நானத்தில் வேறு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் அதைப் போட்டுத் தொலைத்ததால், யாருடைய கல்யாணமோ என்று பாதி ஊர் வரவில்லை. ரப்பர் சங்கத்தில் எழுத்தர் உத்தியோகம். சட்டைப் பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். கையெழுத்துப் போட உங்களிடம் பேனா கேட்பார். வாங்கியதும் அதைக் கழற்றி ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். கையெழுத்து அப்புறம்.

அவரை மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயுசில் ஒரு பொருளையும் அவர் சரியாக்கியதில்லை. ஓடுகிற மிக்சியைத் திறப்பார், நின்ற மிக்சியை மூடுவார். கேட்டால், "சரியாக்கவா திறக்கியேன்? பாக்கதுக்குல்லா திறக்கியேன்" என்பார், நம்மைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு. மூடும்போது ஒரு ஸ்க்ரூ கண்டிப்பாக மிச்சப்படும். அது கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டது என்பது அவருடைய கட்சி.

பெண் பார்க்கப் போன இடத்தில், வருங்கால மாமனார் காதில் மாட்டும் மெஷினைத் துடைக்கக் கழற்றி டீப்பாயில் வைத்திருக்கிறார். அண்ணன் பார்த்துவிட்டார். காபி வருவதற்குள் அது மூன்று துண்டு. மாமனார் அன்று முழுக்க யார் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டினார். எங்கள் ஊரிலேயே ஒரே உட்காரலில் முடிந்த சம்பந்தம் அதுதான்.

இனி என் கதை. நான் சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். வாசிக்கிறவன் என்பது என் கட்சி. துபாயிலிருந்து மச்சான் ஓர் ஆரஞ்சு நிறப் பெட்டி கொண்டுவந்து தந்தான். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதை மாட்டிக் காலால் ஒரு மிதி மிதித்தால், சளி பிடித்தவன்போல இருந்த கிட்டார் சிங்கம்போல உறுமும். அந்த உறுமலில் நான் விடுகிற தப்பு ஒன்றும் வெளியே தெரியாது. எனக்கு அது பெட்டி அல்ல, போர்வை.

ஒரு ஞாயிறு மௌன ஜெபம். பெட்டியை அணைக்க மறந்திருந்தேன். போதகர் கண்ணை மூடி, "ஆண்டவரே, எங்களோடு பேசும்" என்று முடித்து அமைதியானார். என் ஸ்பீக்கர் பேசியது. மலையாளத்தில். "சக்தமாய காற்றினு சாத்யத. மல்ஸ்யத் தொழிலாளிகள் கடலில் போகான் பாடில்லா." பெட்டி எங்கேயோ போகிற ரேடியோவின் மீனவர் புயல் எச்சரிக்கையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பெண்கள் பக்கமிருந்து ஒருவர் உருக்கமாக ஆமென் சொன்னார். எங்கள் சபையில் கடலுக்குப் போகிறவர் யாரும் கிடையாது. எல்லாம் ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும். ஆனாலும் அன்று ஒருவரும் கடல் பக்கம் போகவில்லை.

பாடகர் குழுவின் மாஸ்டர் ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். "லேய், அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகைதான் ஒனக்குக் கடைசி. அன்னைக்கும் அது வாயத் திறந்தா, நீயும் வேண்டாம், ஒனக்க கிட்டாரும் வேண்டாம்." அவருடைய மருமகன் கீபோர்டு வாங்கிவைத்துக் காத்திருந்தான் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேதி கேட்டு மத்தியானமே அண்ணன் என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மேசையில் வெள்ளைத் துண்டு விரித்தார். கழற்றிய நாலு ஸ்க்ரூவையும் டீ சாசரில் வைத்தார். முதலில் பேட்டரி. "நாக்க நீட்டு" என்றார். நீட்டினேன். ஒரு சுள். "கரண்டு இருக்கு" என்று தீர்ப்பானது. ழகரத்துக்குப் பேர்போன ஊரில் அன்று சாயங்காலம்வரை எனக்கு ழ வரவில்லை.

உள்ளே ஒரு பச்சைத் தகடு. வண்ண வளையல் போட்ட குட்டிக் குட்டி உருளைகள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிபோலச் சில கெப்பாசிட்டர்கள், அரிசி மணியளவில் கண்ணாடி டயோடுகள். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"பாத்தியா மக்கா, ஒனக்க சத்தம் இதுவழி ஏறிப் போவுது. இவன் அத ஊதிப் பெருசாக்குதான். பொறவு இந்தக் கண்ணாடிக்காரன் அதுக்க தலையையும் காலையும் வெட்டுதான். வெட்டுபட்ட சத்தமாக்கும் இந்த அலறு அலறுது."

"ரேடியோ எது வழியா வருது அண்ணே?"

"அது எனக்கெங்கன தெரியும்?"

தகட்டின் நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு பசைக் கட்டி, கல்போல இறுகிக் கிடந்தது. தன் வித்தையை வேறு எவனும் பார்த்துச் செய்துவிடக்கூடாதென்று கம்பெனிக்காரன் ஊற்றிவைத்தது. அண்ணனின் முகம் வாடிவிட்டது. விருந்துக்குக் கூப்பிட்டு இலையை எடுத்துவிட்ட மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வரை வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். என் மானமே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததைக் கையில் ஏந்தி ஜனங்கள் வரிசையாகப் போய் பீடத்தின் முன்னால் வைப்பார்கள். வைத்துவிட்டால் அது ஆண்டவருடையது. பிறகு வைத்தவனே ஆசைப்பட்டாலும் ஏலத்தில்தான் எடுக்க வேண்டும். சொந்தக் கோழிக்கே கை தூக்கியவர்கள் உண்டு. பெட்டியோடு தாமதமாக ஓடிவந்த அண்ணன், பக்கவாசலில் நின்ற என்னை விட்டுவிட்டு நேர்வாசலில் நுழைந்தார். முன்னால் செந்துளுவன் வாழைக்குலை, பின்னால் சேவல். வரிசை அவரை அப்படியே தள்ளிக்கொண்டு போயிற்று. பீடம் வந்ததும் எல்லோரும் வைத்தார்கள். போதகர் அவர் கையையே பார்த்தார். அண்ணன் பெட்டியைச் சேனைக்கிழங்குக்கும் சேவலுக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

நான் போர்வை இல்லாமல் வாசித்தேன். ஒவ்வொரு தப்பும் தனித்தனியாக, தெளிவாக, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. நடுவில் சேவல் கூவியபோது சுருதி சேர்ந்ததாகச் சிலர் ஆறுதலடைந்தார்கள்.

எல்லாம் முடிந்தது என்று கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். மாஸ்டர் வந்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இவ்வளவு நாளா நீ இப்படித்தான் வாசிச்சிட்டிருந்தியா?"

"ஆமா மாஸ்டர்."

"எங்கனயாவது அந்தப் பெட்டிய ஏலத்துல எடுத்திரு. மலையாளம் வந்தாலும் செரி. பெட்டியில்லாம இனி நீ கம்பியில கை வைக்கப்பிடாது." மருமகனின் நிலைமை என்னவென்று கேட்டேன். "அவன் ஒன்னவிட மோசம்" என்று பெருமூச்சுவிட்டார்.

ஏலம் பலாமரத்தடியில். ஏலக்காரர் பெட்டியைத் தூக்கிக் காட்டி, இது எலிப்பொறி அல்ல என்று அறிமுகப்படுத்தினார். நான் கூட்டத்தின் கடைசியிலிருந்து கை தூக்கினேன். முன்வரிசையில் ஒரு கை ஏற்றியது. நான் ஏற்றினேன். அது விடவில்லை. அந்தக் கையை மனதாரச் சபித்தேன். இரண்டு பேர் இப்படி மோதினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று ஒரு ரப்பர் முதலாளிகூட இடையில் வந்து போனார். கடைசியில் என்னால் முடியவில்லை. கையை இறக்கினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தக் கை என்னிடமே வந்தது. அதில் ஆரஞ்சுப் பெட்டி. வியர்த்து ஒழுகி, அண்ணன்.

"இந்தா மக்கா. கடைசியில நின்னு எவனோ ஒரு பாவி ஏத்திட்டே இருந்தான், கேட்டியா? நான் விடுவேனா?"

அந்தப் பாவி நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மூன்று ஸ்க்ரூ. கறுப்புப் பசையில் கீறல்கூட இல்லை என்றும், என் பொருளாயிற்றே என்று கைவைக்க மனம் வரவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது கை சும்மா இல்லாமல் பைக்குள் திருப்புளியைத் தடவிக்கொண்டிருந்தது.

அண்ணன் இப்போது மஸ்கட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். வீடியோவில் கூப்பிட்டால் முகத்துக்குப் பதிலாக ஏசி ரிமோட்டின் வயிற்றைக் காட்டுகிறார். பெட்டி இன்னும் உறுமுகிறது, சமயத்தில் மலையாளமும் பேசுகிறது. அந்த நாலாவது ஸ்க்ரூவை மட்டும் நான் வாங்கிப் போடவே இல்லை. அண்ணன் வந்தால் திறக்கச் சுலபமாக இருக்கட்டுமே.