ஒலிவ ஆலை முக்குக்கு ஒரு விளக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த திஜானி மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் ரிஹாப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறையருளால் நானும் அம்மாவும் சுகம். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய உப்புமீனை அம்மா தெரு முழுக்கப் பங்கு வைத்ததில் எங்களுக்கு வால்தான் மிஞ்சியது.

"பட்டம் வாங்கி என்னத்தக் கிழிச்ச?" என்று போனில் கேட்டீர்களே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம், நேரில் என்றால் எனக்கு வாய் வராது. இந்த வருடம் ஒரு வேலையை மக்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும் என்று நகராட்சி விட்டுவிட்டது. எங்கள் பகுதிக்கு இரண்டில் ஒன்று: ஒலிவ ஆலை முக்கில் தெருவிளக்கு, அல்லது காபிக்கடை முன்னால் நடைபாதை. அம்மாவும் மற்றப் பெண்களும் ஒலிவம் பறிக்கப் போக விடிகாலை அரையிருட்டில் லாரிக்காக நிற்பது அந்த முக்கில்தான். விளக்கை விட்டுவிடக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கூட்டம் நடத்தத் தலைநகரிலிருந்து ஸியாத் என்ற இளைஞர் வந்திருந்தார். இங்கே எல்லாரும் சமம் என்று சொல்லி ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார். ஓர் அட்டைக்கு ஒரு நிமிடம் பேசலாம். நம் ஊரில் கைக்கு வந்ததைத் தானே வைத்துக்கொள்கிற வழக்கம் உண்டா? "சார், நீங்க இருக்கும்போது நான் பேசறதாவது! ஆண்டவன் மேல ஆணை, நீங்களே வச்சுக்குங்க" என்று ஆண்கள் எல்லாரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சி முன்ஜியிடம் அட்டைகளைத் திணிக்க, அவரும் முறைப்படி மறுத்து, முறைப்படி வாங்கிக்கொண்டார். "ஐயா, அட்டையைக் கைமாத்தக் கூடாது!" என்று ஸியாத் பதற, "தம்பி, இத என்ன மரியாதை தெரியாத ஊருன்னு நெனச்சியா? உக்காரு, டீ ஆறுது" என்று அவரையே அடக்கிவிட்டார்கள். அதற்குள் பக்கத்து வீட்டு ஹல்லூமா அக்கா பெண்களின் அட்டைகளைத் திரட்டி என் மடியில் கொட்டி, "படிச்ச புள்ள நீ இருக்க, எங்களுக்கு எதுக்குடி இது?" என்றார். அம்மாவின் அட்டையும் அதில் இருந்தது.

நடைபாதைக்காக எழுந்த சி முன்ஜி கார்த்தேஜ் பேரரசிலிருந்து தொடங்கினார். காபிக்கடை வந்து சேர்வதற்குள் அட்டைகள் தீர்ந்துவிட்டன. அடுத்து நான். முதல் அட்டை சலாம் சொல்வதிலேயே போயிற்று, இரண்டாவது தொண்டையைச் சரிசெய்வதில். அப்புறம் எப்படியோ வந்துவிட்டது மாமா: இருட்டு, நாய்கள், ரோட்டோரப் பள்ளம், அங்கே நிற்கிற நம் தாய்மார்கள். காபிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். சி முன்ஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரகசிய வாக்கெடுப்பில் விளக்கு ஜெயித்தது! குரலற்றவர்களுக்குக் குரலாக இருப்பதுதான் படிப்பின் பயன் என்று இப்போது தெரிகிறது.

மாமிக்கு என் சலாம். உங்கள் வலையில் மீனும் வீட்டில் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ரிஹாப்

பின்குறிப்பு: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நாங்க எல்லாரும் நடைபாதைக்குத்தான் போட்டோம்" என்கிறார். இருட்டில் பள்ளத்துக்குப் பயந்து லாரிக்காரன் கொஞ்சம் வெளுத்த பிறகுதான் வருவானாம். விளக்கு வந்தால் இன்னும் முன்னாடியே வந்து ஹாரன் அடிப்பானாம், தூக்கம் போச்சாம். "அப்ப விளக்குக்கு யாரும்மா போட்டது?" என்றேன். "ஆம்பளைங்கதான். நீ அழவச்சுட்டியே!" "இத அங்கயே ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீதான் பேசிட்டு இருந்தியே."