மஞ்சள் அட்டையும் மக்ரூன் விரதமும்

முத்தையாபுரம்,
புதன்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை மாரிச்செல்வம் அவர்களுக்கு மாமனார் தளவாய் எழுதிக்கொள்வது. முத்தாரம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே ஆப்பிரிக்காவில், அபிஜானில் நீங்களும், மாசமாக இருக்கும் என் மகள் சந்தனச்செல்வியும், உங்களுக்குச் சோறு போடும் முந்திரிக் கம்பெனியும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், அவள் கேட்டுவிடுவாள். விஷயம் அவள் காதுக்குப் போகக் கூடாதது. வெள்ளிக்கிழமை அங்கே கிளம்பும் உங்கள் கம்பெனி நேசக்குமார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும்.

பிரசவத்துக்கு நாங்கள் வருவது முடிவானதும் ஒரு லிஸ்ட் அனுப்பினீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், அதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஏர்போர்ட்டிலேயே திருப்பிவிடுவார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், மலேரியா மாத்திரை, கொசுவலை, கொதித்து ஆறின தண்ணீர், வெட்டி வைத்த பழம் ஆகாது, நாய் குரங்கு பக்கம் போகக் கூடாது என்று மொத்தம் பதினாலு. நல்ல லிஸ்ட், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே 'அபிஜானுக்கு வந்த பிறகு' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். உங்கள் அத்தை அதைப் பிரிட்ஜில் ஒட்டி அன்றைக்கே முத்தையாபுரத்தில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கேட்டால், "அங்கன போயி பழகுறதுக்குள்ள சீக்கு வந்துரும், இங்கனயே பழகிட்டுப் போவோம்" என்கிறாள். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி இத்தனை டன் சாமானை இறக்கின எனக்குக் கொசுவலைக்குள்ளிருந்து ஒரு மனுஷனை இறக்கத் தெரியவில்லை. முதல் நாளே வலையோடு கீழே விழுந்தேன். டீக்கடை பஜ்ஜி போயிற்று, கரும்புச்சாறு போயிற்று, கொய்யாப்பழத்தை முழுசாக வாங்கி வந்து சோப்புப் போட்டுக் கழுவினாள் மாப்பிள்ளை. சோப்பு லிஸ்டில் இல்லை.

இதற்கு நடுவே குலசை முத்தாரம்மன் கோயில் தசரா வந்தது. சந்தனச்செல்விக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும், தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று இருபத்தோரு நாள் மாலை போட்டேன். குரங்கு வேஷம் கட்டுவதாக வேண்டுதல். உங்கள் அத்தை லிஸ்டைப் பார்த்துவிட்டு, குரங்குப் பக்கம் போகக் கூடாதாம் என்று சொல்லி எனக்குத் தட்டை எட்டி நின்று வைத்தாள். மீன் இல்லை, முட்டை இல்லை, மத்தியானம் ஒரு பொழுதுச் சோறு. சாயங்காலம் கருப்பட்டிக் காப்பியோடு அவள் பேக்கரியில் வாங்கி வைக்கும் இரண்டு முந்திரி மக்ரூன் மட்டும்தான் ஆறுதல். அதுவும் இந்த வருஷம் சப்பையாக இருந்தது, பல்லில் வேறு ஒட்டியது. பேக்கரியில் சரக்கு மாஸ்டரை மாற்றிவிட்டார்கள் போல என்று தினமும் சொல்லிக்கொண்டே தின்றேன்.

மாலையோடுதான் துறைமுகத்துச் சுகாதார ஆபீசுக்கு ஊசி போடப் போனோம். கப்பல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த சிலுவை என்கிறவர் நாலு முறை ஆப்பிரிக்கா போய் வந்தவராம். அவர் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணாச்சி, இந்த மருந்தக் கோழி முட்டைக்குள்ள வச்சுத்தான் வளக்காவ, தெரியுமா?" என்றார். விரத உடம்புக்குள் முட்டையா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தைக்கு அதற்குள் ஊசி போட்டு முடித்து, அட்டையும் கையில் வந்துவிட்டது. அடுத்து நான். டாக்டர் கிருபாபாய் என்று ஒரு அம்மா, கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். "முட்டை சாப்பிட்டால் உங்களுக்கு ஏதாவது செய்யுமா?" என்று கேட்டார். மாலை போட்டிருக்கிறேன், காப்பு அவிழ்த்ததும் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். படித்த அம்மா முன்னால் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, "உடம்பெல்லாம் தடிச்சுரும் டாக்டர்" என்றேன். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று, "மூச்சும் முட்டும்" என்றும் சேர்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டார். அப்படியானால் இந்த ஊசி எனக்குப் போடவே கூடாதாம், இப்போதும் சரி, எப்போதும் சரி. ஊசி இல்லையென்றால் அட்டை இல்லை, அட்டை இல்லையென்றால் அபிஜான் இல்லை. வெளியே வந்ததும் உங்கள் அத்தை, "ஞாயித்துக்கெழம நாலு ஆம்லேட் உள்ள போவுதே, அப்பல்லாம் முட்டாத மூச்சு இப்ப எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். பஸ் ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

குலசையில் சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அவிழ்த்து, அடுத்த ஊசி நாளான முந்தாநாள் மறுபடி போனோம். அதைத் தவறவிட்டால் டிக்கெட் தேதியோடு பத்து நாள் கணக்கு இடிக்கும், நான் இங்கேயும் என் மகள் அங்கேயும்தான். டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா? உங்கள் உயிரோடு நான் விளையாட முடியாது" என்றார். நியாயம்தான். நான் நெளிந்துகொண்டிருக்கும்போது உங்கள் அத்தை முன்னால் வந்து, "டாக்டர், மாலை போட்டுருந்த இருபத்தோரு நாளும் இவிய தெனம் ரெண்டு மக்ரூன் தின்னாவ. முட்டை வெள்ளைக்கரு இல்லாம மக்ரூன் ஏது? ஒரு தடிப்பு வரல" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். டாக்டர் சொன்னபடி அவர் கண் முன்னாலேயே மூன்று தின்றேன். பழையபடி நல்ல மக்ரூன், வாயில் வைத்ததும் கரைந்தது. பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்காரவைத்து, கை கழுத்தெல்லாம் பார்த்து, அப்புறம்தான் ஊசி போட்டார். அட்டை கிடைத்துவிட்டது.

ஆனால் மாப்பிள்ளை, எனக்குச் சந்தோஷமே இல்லை. முந்திரியும் சீனியும் அடித்தால் அப்படி நுரைத்து வரும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எந்த விரதத்தைக் காப்பாற்ற அந்தப் பொய்யைச் சொன்னேனோ அது முதல் நாள் சாயங்காலமே முறிந்துபோயிருக்கிறது. பிள்ளைக்காக நேர்ந்துகொண்டதை வாய் ருசியில் கெடுத்துவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. அம்மன் படத்துக்கு முன்னால் நின்று வேறு ஒரு விரதம் எடுத்திருக்கிறேன். உங்கள் லிஸ்ட்தான் அது. பதினாலையும் ஒன்று விடாமல் ஊர் திரும்பும் வரை கடைப்பிடிப்பேன். கொசுவலைக்குள் ஆறரைக்கே போய்விடுகிறேன். தண்ணீரை நானே கொதிக்க வைக்கிறேன். நேற்று டீக்கடைக்கார அண்ணாச்சி கூப்பிட்டுப் பஜ்ஜி கொடுத்தார், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சந்தனச்செல்விக்கு இது தெரிய வேண்டாம், பிள்ளை மனசு கலங்கும். இன்னும் பதினோரு நாளில் நேரில் பார்ப்போம். நீங்களும் அவளும் வரப்போகிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்ளும்,

மாமா தளவாய்.

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை இசக்கித்தாய் எழுதுவது. கவரை ஒட்டச் சொல்லி மாமா என்னிடம் தந்தார்கள், படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். விரதம் முறியவே இல்லை. மாலை போட்ட அன்றைக்கே பேக்கரியில் சொல்லி, இவர்களுக்கென்று முட்டை சேர்க்காமல் தனியாகச் செய்து வாங்கினேன். அதனால்தான் சப்பையாக இருந்தது, பல்லில் ஒட்டியது. டாக்டர் முன்னால் தின்றதுதான் நிஜ மக்ரூன், அது காப்பு அவிழ்த்த பிறகு. இருபத்தோரு நாளும் முட்டை மக்ரூன் தின்றார்கள் என்று டாக்டரிடம் நான் சொன்னதுதான் பொய். ஒரு பொய்யைக் கழுவ இன்னொன்று தேவைப்பட்டது. சந்தனச்செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், சிரிக்கட்டும். மாமாவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம். முகத்தைப் பார்த்தால் எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது சொன்னால் அடுத்த நிமிஷம் டீக்கடையில் நிற்பார்கள், அப்புறம் காய்ச்சலோடு எப்படிப் பிளேன் ஏறுவது? பேரப்பிள்ளையைப் பார்த்து, ஊர் திரும்பி, மலேரியா மாத்திரையில் கடைசி மாத்திரையை விழுங்கிய பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன்.