எந்த ஊர் கேலனுங்க?

எதை எதையோ எதிர்த்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கேலனுக்கும் இன்னொரு கேலனுக்கும் நடுவில் நின்றுகொண்டு, “என்னைத் தாண்டிப் போங்க, பார்க்கலாம்” என்று உலகத்தையே மறித்த ஒரே ஆள் எங்கள் கேலன் அக்காதான்.

கோவை அவினாசி சாலையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இங்கே தயாராகும் பம்பு, மோட்டார், வண்டிகளுக்கு வெளிநாட்டுக்காரர்கள் படிக்கிற மாதிரி விவரப் புத்தகம் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. நம் அளவுகளை அவர்கள் அளவுகளாக மாற்றுவது அக்காவின் பொறுப்பு. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை கேலனுக்கு இத்தனை மைல் என்று மாற்றுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. இங்கிலாந்து கேலன் பெரிசு, நாலரை லிட்டர் பிடிக்கும். அமெரிக்க கேலன் சிறிசு, நாலு லிட்டர்கூட வராது. எங்களுக்கு இது கணக்கு. அக்காவுக்கு மானப் பிரச்சினை. யாராவது கேலன் என்று வாயெடுத்தால் போதும், “எந்த ஊர் கேலனுங்க?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெண் பார்க்க வந்தவர்களையும் விடவில்லை. கருமத்தம்பட்டியிலிருந்து விசைத்தறிக்காரர் வீட்டு மாப்பிள்ளை வந்திருந்தார். பேச்சுவாக்கில், “என்ற கார் நாப்பது மைலேஜ் குடுக்குதுங்க” என்று பெருமையடித்திருக்கிறார்.

“நாப்பது என்னங்க? கிலோமீட்டருங்களா, மைலுங்களா? லிட்டருக்குங்களா, கேலனுக்குங்களா?”

மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்தார். அப்பா தட்டிலிருந்த மிக்சரைப் பார்த்தார்.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க.”

“காருக்கே பேச்சுக்குச் சொன்னா, வருமானம் சொன்னதை எப்படிங்க நம்பறது?”

மிக்சர் மீதமாயிற்று. சம்பந்தம் நின்றுபோயிற்று. மறுநாள் அக்கா அதே மிக்சரை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். கொஞ்சம்கூட வருத்தமில்லை.

எங்கள் மேனேஜருக்கு அக்கா தீராத தலைவலி. அவர் புதுக் கார் வாங்கியபோது எங்களையெல்லாம் சத்தியமங்கலம் தாண்டி திம்பம் மலைக்கு அழைத்துப் போனார். வழியில் டீ குடிக்க அவர் இறங்கிய நேரத்தில், அக்கா முன்பக்கத் திரையில் எதையோ அமுக்கிவிட்டு நல்லபிள்ளையாகப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மலை ஏறத் தொடங்கியதும் திரையில் எண் ஏறியது. பதினைந்து, பதினெட்டு, இருபது. “பாத்தீங்களா! மேட்டுலயே இருபது குடுக்குது!” என்று மேனேஜர் குதித்தார். இறங்கும்போது அதே எண் ஐந்தாகி, இரண்டாகி, ஒன்றானது. மேனேஜருக்கு முகம் வெளிறிவிட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. “அது நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் குடிக்குதுங்கற கணக்குங்க சார். கம்மியாக் குடிச்சா நல்லதுதானுங்களே?”

மேனேஜர் தலையை வெளியே எடுத்து, பானெட்டை அறைந்து மூடினார்.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. சின்னச் சரக்கு வண்டி செய்கிற ஒரு முதலாளி, அமெரிக்காவில் விற்பதற்குப் புத்தகம் கேட்டார். வண்டி லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும். அக்கா கேலனுக்கு நாற்பத்தேழு மைல் என்று போட்டிருந்தார். முதலாளிக்கு அது பத்தவில்லை. இங்கிலாந்து கேலனில் ஐம்பத்தாறு வருகிறது என்று எங்கிருந்தோ கண்டுபிடித்துவிட்டார்.

“கேலன்னா கேலன்தானுங்க. அமெரிக்காக்காரன் வந்து அளந்தா பாக்கப்போறான்? அம்பத்தாறுன்னே போடுங்க.”

மேனேஜர் தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை. அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடாமல் எதுவும் அச்சுக்குப் போகாது.

“அம்மணி, உங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?” என்றார் மேனேஜர்.

“வேணுமுங்க சார். அதனாலதான் அதைச் செஞ்சுட்டிருக்கேனுங்க.”

மறுநாள் முதலாளி நேரிலேயே வந்து உட்கார்ந்தார். அக்கா இரண்டு கேன்களோடு உள்ளே போனார். பெரிய கேன் நிறைய மோர், சின்ன கேன் காலி. “வெயில்ல வந்திருக்கறீங்க” என்றபடி மேனேஜரின் மேசைமேல் சின்னதை வைத்து, பெரியதிலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை. மோர் வழிந்து, கறிவேப்பிலையோடு மேசையைக் கடந்து, மேனேஜரின் பேன்ட்டில் இறங்கியது.

“இந்த வழிஞ்ச மோருலதானுங்க உங்க வண்டி மிச்ச ஒன்பது மைல் ஓடுது” என்றார் அக்கா. குரலில் அத்தனை பணிவு.

முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “இந்தப் பொண்ணை அனுப்பிப்போட்டு எனக்கு போன் பண்ணுங்க. இல்லீன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அலுவலகத்தில் எல்லோரும் கதவருகே நின்றோம். மேனேஜர் தன் பேன்ட்டைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா காலியான பெரிய கேனைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

“ஏனுங்க,” என்றார் மேனேஜர் முதலாளியிடம், “அந்த அம்மணி என்ற உசுரை வாங்குதுங்க. ஆனா அது கையெழுத்துப் போடாததுக்கு நானும் போடமாட்டேனுங்க. நீங்க வேற ஆளையே பாத்துக்கங்க.”

முதலாளி போய்விட்டார். மேனேஜர் ஒரு டம்ளர் எடுத்து மிச்ச மோரைக் குடித்தார். “உப்புப் பத்தலீங்க அம்மணி” என்றார். அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் முன்னால் அழுதார்.

அடுத்த வருடம் சென்னிமலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். “எனக்கு வண்டி ஓட்ட வராதுங்க. பஸ்ஸுலதான் வந்தோம்” என்று அவர் சொன்னதும் அக்கா உள்ளே போய் வீட்டாரிடம் சரி என்றுவிட்டார்.

இப்போது அங்கே கணவரோடு போர்வை, படுக்கை விரிப்பு வியாபாரம். போன மாதம் என் வீட்டுக் கட்டிலுக்கு ஒரு விரிப்பு கேட்டேன். அங்குலமா, சென்டிமீட்டரா, மெத்தையோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று போனில் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது.

விரிப்பு வந்து சேர்ந்தது. நான் அளந்து பார்க்கவில்லை. அக்கா அனுப்பியது.