தாலிக்கொடி புதைத்த சாடி

என் ஞாபகசக்தியைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. என் கலியாணத்தன்று காலை எட்டரை மணிக்கு அது முடிவுக்கு வந்தது.

முந்தின மாதம் நண்பர்களோடு ரொக்கி மலைக்குப் போயிருந்தேன். அங்கே நட்கிராக்கர் என்றொரு பறவை. காக்கைக்குச் சொந்தம், சாம்பல் உடம்பு, கறுப்புச் செட்டை. பைன் விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்துவிட்டு, பனி மூடிய பிறகும் தோண்டி எடுக்குமாம். பக்கத்துக் கல்லையும் கட்டையையும் அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். (ஒரு குருவிக்கு முடிவது ஒரு எஞ்சினியருக்கு முடியாதா?)

பொன்னுருக்கிச் செய்த தாலிக்கொடி வோபர்ன் பகுதியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவுக்கு நித்திரையில்லை. கலியாண வீடுகளாகப் பார்த்துக் கள்ளர் வருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அரிசி வாளிக்குள்ளை வைப்பமே?"

"உந்த அரிசி வாளியை எல்லாக் கள்ளருக்கும் தெரியும், அம்மா. என்னட்டைத் தாங்கோ."

கொடியை யோகட் பெட்டியில் போட்டு, பின்வளவில் வரிசையாக நின்ற பன்னிரண்டு செவ்வந்திச் சாடிகளில் ஒன்றுக்குள் புதைத்தேன். உட்கார அங்கே போட்டிருந்த நீலக் கதிரைக்கு வலப்பக்கம் மூன்றாவது சாடி. யாருக்கும் சொல்லவில்லை. குருவி யாருக்குச் சொல்கிறது?

கலியாணத்தன்று வேட்டி, தலைப்பாகையோடு பின்வளவுக்குப் போனேன். கதிரையைக் காணவில்லை. சாடிகளையும் காணவில்லை. அவை முன்வாசலில் இரண்டு பக்கமும் ஆறாறாக நின்றன.

"வீடியோவுக்கு வடிவாயிருக்குமெண்டு நான்தான் மாத்தினனான், தம்பி" என்றார் வீடியோக்கார அண்ணை, பெருமையாக.

பத்து மணிக்கு முகூர்த்தம். மண்டபம் பக்கத்து நகரமான மார்க்கமில். விஷயத்தைச் சொன்னதும் அம்மா அப்படியே படியில் இருந்துவிட்டார். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஒவ்வொரு சாடியாகக் கவிழ்த்துக் கிண்டினேன். பதினோராவதில் பெட்டி கையில் தட்டுப்பட்டது. (அண்ணை கமராவை நிறுத்தவேயில்லை.)

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க மணவறைக்கு வந்து சேர்ந்தேன். தாலி கட்டும்போது மணமகள் நிவேதா தலை குனிந்திருந்தாள். வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் என் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதென்ன மண்?" மேளச் சத்தத்துக்குள் மெல்லக் கேட்டாள்.

"பிறகு சொல்லுறன்."

ஆல்பத்தின் முதல் படத்திலேயே பத்துக் கறுத்த நகங்களும் துலக்கமாகத் தெரிகின்றன. அந்தப் பறவையும் சில விதைகளை எடுக்காமல் விட்டுவிடுமாம். அவைதான் மலையில் மரமாகின்றனவாம். இதை நான் கலியாணத்துக்குப் பிறகுதான் வாசித்தேன். வாசித்ததை நிவேதாவிடம் சொன்னது அடுத்த பிழை.

எங்கள் பாஸ்போர்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "உங்களிட்டைத் தந்தா நட்டுப்போட்டுத் தண்ணி ஊத்துவியள்" என்பாள்.