ஐம்பத்தொன்பது ஆடும் அண்ணியின் கீழ் இமையும்

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதுவது.

இங்கே நான் சிவப்பாக இருக்கிறேன். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் சிவப்பாக இருக்க வேண்டும். நிறத்தைச் சொல்லவில்லை, சண்டைக்கு வந்துவிடாதீர்கள். கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்தால் உள்ளே தெரிகிற சிவப்பைச் சொல்கிறேன். எங்கள் ஆட்டுப் பட்டியில் சௌக்கியம் விசாரிப்பது அப்படித்தான்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லை, வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் தம்பி ஆட்டுப் புழுக்கை பொறுக்கியே போய்ச் சேர்ந்தான், நீயும் அதையேவா பொறுக்கணும்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் வாசலில் நின்று இதையே சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வருகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்தில் பிழை இருக்கும். புழுக்கை விஷயத்தில் இருக்காது.

ஆட்டின் வயிற்றில் ஒரு புழு இருக்கிறது அண்ணி. நூல் மாதிரி இருக்கும், ரத்தத்தைத்தான் குடிக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் ஆடு வெளுத்து, தாடை வீங்கி, ஒரு நாள் காலையில் எழுந்திருக்காது. மருந்து கொடுத்துக் கொடுத்து இப்போது புழு மருந்துக்கே பழகிவிட்டது. அதனால் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பூசி செய்கிறார்கள். எதிலிருந்து தெரியுமா, அந்தப் புழுவின் குடலிலிருந்தே. அதை ஊசியாகப் போட்டால் ஆட்டின் ரத்தம் விழித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு புழு வழக்கம்போல் வந்து குடித்தால் அதற்கு வயிறு கெட்டுப்போகிறது. உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் அவருக்கு ஆகுமே, அந்த மாதிரி.

அறுபது ஆடு. முப்பதுக்கு நிஜ ஊசி, முப்பதுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது, ஊசி போட்ட டாக்டரம்மாவுக்கே தெரியாது. பட்டியல் ஒட்டின கவரில் பெரிய டாக்டரின் பீரோவில் இருக்கும். ஊசியெல்லாம் முடிந்ததும் அறுபதுக்கும் புழுக்குஞ்சைத் தண்ணீரில் கலந்து வாயில் ஊற்ற வேண்டும். ஊற்றினது உங்கள் தம்பி. அன்று வீட்டுக்கு வந்து, "என் கையாலயே புழு ஊட்டிட்டு வந்திருக்கேன்டி" என்று தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து புழுக்கையைப் பையில் பிடித்து நம்பர் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுப்பார், அவர் அதில் புழு முட்டையை எண்ணுவார். அறுபது ஆட்டின் இமையையும் இழுத்துப் பார்த்து இவர் நோட்டில் எழுதுவார். ஒன்று என்றால் நல்ல சிவப்பு, ஐந்து என்றால் காகிதம். அந்தப் பழக்கம்தான் உங்கள் பையன் கல்யாணத்தில் வினையானது. சம்பந்தியம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, பட்டுப்புடவையோடு நின்ற உங்கள் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டார். "நான் என்ன உன் ஆடாடா" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் மேளக்காரர் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் அவர் போய்விட்டார். அதை விடுங்கள்.

அவர் இடத்தை எனக்கே கொடுத்தார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, முதல் வாரத்திலேயே என் பையில் ஒரு நம்பர்கூட மாறவில்லை. தப்பு வேறு இடத்தில் வந்தது. இருபத்து மூன்றாம் நம்பர் ஆட்டுக்கு அவர் வைத்த பெயர் பாட்டுக்காரி. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் கத்தும். அவர் போன பிறகும் அதே நேரத்துக்குக் கத்திவிட்டு, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடும். அது அப்படி நிறுத்துவதுதான் அண்ணி எனக்குத் தாங்கவில்லை. எங்கள் ராசிக்கு இதற்கு உப்புத் தண்ணீர்தான் விழுந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, தினம் ஒரு கை கடலைப் புண்ணாக்கு மடியில் கொண்டுபோய் அதற்கு மட்டும் கொடுத்தேன்.

ஒரு நாள் டாக்டரம்மா பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி, "இருபத்து மூணுல முட்டையே காணோம்மா, நம்ம ஊசி எப்படி வேலை செய்யுது பாருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல தீனி தின்கிற ஆட்டிடம் புழு வாலாட்டாது, இது எங்கள் பட்டியில் எல்லோருக்கும் தெரியும். இவர் ஊசி என்று எழுதப்போவது என் புண்ணாக்கை. உங்கள் தம்பி இமை இமையாகப் பார்த்து எழுதின நோட்டுக்குப் பக்கத்தில் என் பொய் உட்காரப் போகிறது. சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளா?"

"நாப்பத்தி மூணு நாளா."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு கை."

டாக்டரம்மா கவிழ்த்துவைத்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேம்மா."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே டாக்டரம்மா."

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். வேறு எந்த ஆட்டுக்கும் கொடுக்கவில்லை என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்யப் போனேன், எனக்கு ஏது பிள்ளை, அவர் மேல் செய்யலாமென்றால் அவரும் இல்லை, கடைசியில் அந்த ஆட்டின் மேலேயே செய்தேன். மொத்தச் சோதனையையும் தூக்கிப் போடுவதா, ஒரு ஆட்டை மட்டும் நீக்குவதா என்று மேலிடத்தில் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். ஒன்பது நாள் அண்ணி. வேலை போனால் போகட்டும், அவருடைய கடைசி வேலை என் ஒரு கைப் புண்ணாக்கில் போய்விடுமோ என்றுதான் பயம். பட்டியில் ஆடுகளின் முகத்தை நான் பார்க்கவில்லை, இமையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

பத்தாம் நாள் ஐம்பத்தொன்பது ஆட்டோடு சோதனை செல்லும் என்று வந்தது. போன வாரம் எல்லோர் எதிரிலும் கவரைப் பிரித்தார்கள். நிஜ ஊசி போட்ட ஆடுகளின் புழுக்கையில் முட்டை நாலில் மூன்று பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இமையிலும் அப்படியே, உங்கள் தம்பி நோட்டு வரிக்கு வரி ஒத்துப்போனது. டாக்டரம்மா அழுதார். பெரிய டாக்டர் மூக்கைச் சிந்தினார், தூசி என்றார். பிறகு பட்டியலில் விரலை ஓட்டி என்னைப் பார்த்தார். "உங்க இருபத்து மூணுக்கு விழுந்தது நிஜ ஊசிதாம்மா. நீங்க ஒண்ணும் கொடுக்காம இருந்திருந்தாலும் அது நல்லாத்தான் இருந்திருக்கும்." இருப்பதிலேயே நல்ல ஆட்டை என் பிரியத்தால் கணக்கிலிருந்து துரத்தியிருக்கிறேன்.

அறிக்கை அச்சாகப் போகிறது. கடைசிப் பக்கத்தில் ஆறாவது வரியில் உங்கள் தம்பி பெயர் இருக்கிறது. இங்கிலீஷில் இருப்பதால் எது என்று டாக்டரம்மாவைத் தொட்டுக் காட்டச் சொன்னேன். அந்த இடத்தில் நான் வைத்த விரலை எடுக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அதனால் அண்ணி, இனிமேல் யாராவது உங்கள் தம்பி என்ன வேலை செய்தான் என்று கேட்டால், புழுக்கை பொறுக்கினான் என்றே சொல்லுங்கள். ஆனால் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள். அடுத்த மாதம் இருநூறு ஆடு வருகிறது, இமை பார்க்க என்னை விட்டால் ஆள் இல்லை. ஆகவே நான் அங்கே வருவதற்கில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் இடத்தில் வேலை பார்ப்பவள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தின் கவரை ஒட்டப் போகும்போது டாக்டரம்மா உங்கள் தம்பி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "இதுல நம்பர் இல்லாம ஒண்ணு இருக்கே, அக்கான்னு. நாலு போட்டிருக்கார். நாலுன்னா உடனே பார்த்திருக்கணுமே, இது எந்த ஆடும்மா?" என்றார். தேதி உங்கள் பையன் கல்யாணத்துக்கு மறுநாள். அது ஆடு இல்லை, என் நாத்தனார் என்றேன். மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் எழுதியதும் அப்போதுதான் உறைத்தது. மேலே, 'நான் அங்கே வருவதற்கில்லை' என்று எழுதினதை அடித்துவிடுங்கள். பதினைந்து நாள் லீவு வாங்கிவிட்டேன், சனிக்கிழமை வருகிறேன், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். முதலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமல் காட்டுங்கள். நோட்டில் உங்களுக்கு அடுத்த வரியில் 'வீட்டுக்காரி ஒன்று' என்று எழுதியிருக்கிறார். கடிதத்தின் தொடக்கத்தில் நான் சிவப்பாக இருக்கிறேன் என்றதையும் நம்ப வேண்டாம். கண்ணாடியில் இழுத்துப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு எது, அழுத சிவப்பு எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.